வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களா? பிரிட்டனில் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழி

வேலை போன அன்றே நாட்காட்டியை எடுத்துவிடுங்கள். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய இடங்களில் எம்ப்ளாய்மென்ட் டிரிபியூனல் எனப்படும் வேலைத் தீர்ப்பாயத்தை அணுக இதுவரை இருந்துவரும் அவகாசம், மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. மார்ச் 10 உங்கள் கடைசி வேலை நாள் என்றால், ஜூன் 9 முடிவதற்குள் முதல் படியில் கால் வைத்திருக்க வேண்டும். ஜூன் 10 அன்று போய் நின்றால், எவ்வளவு வலுவான வழக்காக இருந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். "சட்டம் தெரியாது", "வேலை தேடிக்கொண்டிருந்தேன்" என்ற சமாதானங்களுக்கு அங்கே பெரிதாக மதிப்பில்லை. பாகுபாட்டு வழக்குகளில் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் நீதிபதிக்குக் கொஞ்சம் தாராளமாக உண்டு. அநியாயப் பணிநீக்க வழக்கில், உரிய காலத்துக்குள் தாக்கல் செய்வது நடைமுறையில் முடியாத காரியமாக இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். அது சுலபமல்ல.

2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் இந்த அவகாசத்தை ஆறு மாதமாக நீட்ட வழிசெய்கிறது. ஆனால் உங்கள் வழக்குக்கு அது பொருந்தும் என்று விவரம் தெரிந்த ஒருவர் உறுதியாகச் சொல்லும்வரை மூன்று மாதம் என்றே கணக்கிடுங்கள். முந்திப் போனவர் யாரும் நட்டப்பட்டதில்லை. வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு அமைப்பும் விதிகளும் வேறு. இந்தக் கட்டுரை அவர்களுக்கானதல்ல.

கடைசி நாள் எது என்பதிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். நோட்டீஸ் கொடுத்து, அந்தக் காலம் முழுவதும் உங்களை ஊழியராக வைத்திருந்தால், நோட்டீஸ் முடியும் நாள்தான் கடைசி நாள். "இன்றே போய்விடு, நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கையில் தருகிறோம்" என்று அனுப்பியிருந்தால், அனுப்பிய அந்த நாளே கடைசி நாள். ஒரு மாதச் சம்பளம் பின்னால் வந்து சேர்ந்தது என்பதற்காக ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்ளாதீர்கள்.

இதைவிடப் பெரிய பொறி, நிறுவனத்துக்குள்ளேயே செய்யும் மேல்முறையீடு. கட்டாயம் செய்யுங்கள், செய்யாவிட்டால் பின்னால் இழப்பீட்டைக்கூடக் குறைக்கலாம். ஆனால் அது நடக்கிறது என்பதற்காகக் கடிகாரம் நிற்பதில்லை. மனிதவளத் துறையிலிருந்து "உங்கள் மேல்முறையீட்டைப் பரிசீலித்து வருகிறோம், சற்றுப் பொறுத்திருங்கள்" என்று அன்பாக ஒரு மின்னஞ்சல் வரும். அடுத்த வாரமும் அதேபோல ஒன்று வரும். கெட்ட எண்ணம் இல்லாமலேகூட அப்படி மூன்று மாதத்தைக் கரைத்துவிடுவார்கள்.

வழக்கு இருக்கிறதா?

அநியாயப் பணிநீக்கம் என்று வழக்குப் போட நீங்கள் சட்டப்படி 'எம்ப்ளாயி'யாக இருக்க வேண்டும். சுயதொழில் செய்பவர், ஏஜென்சி மூலம் வந்தவர், 'வொர்க்கர்' என்ற இடைநிலைத் தகுதியில் இருப்பவர் ஆகியோருக்கு இந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. ஆனால் சம்பளப் பாக்கி, விடுமுறைச் சம்பளம், பாகுபாடு போன்ற வேறு கதவுகள் திறக்கக்கூடும். ஒப்பந்தத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதோடு தீர்ப்பாயம் நின்றுவிடாது. உண்மையில் எப்படி வேலை வாங்கினார்கள் என்று பார்க்கும். ஊபர் ஓட்டுநர்கள் 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது இந்த அடிப்படையில்தான்.

அடுத்தது, எவ்வளவு காலம் வேலை பார்த்தீர்கள் என்பது. நீண்டகாலமாக இருந்துவரும் விதி இரண்டு ஆண்டு. புதிய சட்டப்படி 2027 ஜனவரி 1 முதல் அது ஆறு மாதமாகக் குறைகிறது. அந்தக் காலம் நிரம்பாதவர்களும் உடனே மனம் தளர வேண்டாம். கர்ப்பம், தொழிற்சங்கத்தில் சேர்ந்தது, நிறுவனத்தின் முறைகேட்டை அம்பலப்படுத்தியது, பாதுகாப்புக் குறைபாட்டைச் சுட்டிக்காட்டியது, குறைந்தபட்ச ஊதியம் போன்ற சட்ட உரிமையைக் கேட்டது ஆகிய காரணங்களுக்காக நீக்கினால், முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. இனம், நிறம், நாடு, மதம், பாலினம், வயது, உடற்குறை போன்றவற்றை வைத்து நடந்த பாகுபாட்டுக்கும், 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்கீழ், எந்தக் காலத் தகுதியும் தேவையில்லை. முறைகேட்டை வெளியே சொன்னதற்காகவோ தொழிற்சங்கக் காரணத்துக்காகவோ நீக்கப்பட்டவர்களுக்கு, வழக்கு முடியும்வரை சம்பளம் தொடர வழிசெய்யும் 'இடைக்கால நிவாரணம்' என்ற அரிய வழி ஒன்றும் இருக்கிறது. அதற்கு ஏழே நாள்தான் அவகாசம். எனவே அன்றே ஆலோசனை கேளுங்கள்.

இப்போது, புதிதாக வருபவர்கள் மனத்தில் ஏற்றிக்கொள்ளச் சிரமப்படும் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் குற்றம் செய்தீர்களா இல்லையா என்பதைத் தீர்ப்பாயம் விசாரிப்பதில்லை. நடத்தை, திறமை, ஆட்குறைப்பு, சட்டத் தடை, வேறு தக்க காரணம் ஆகிய ஐந்தில் ஒன்று முதலாளியிடம் இருந்ததா, அந்தக் காரணத்துக்காக அவர் நியாயமான முறையில் நடந்துகொண்டாரா என்பதே கேள்வி. ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தவரைக் கல்லாவில் 80 பவுண்டு குறைந்தது என்று நீக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் எடுக்கவே இல்லை. இருந்தாலும், முதலாளி கேமரா பதிவைப் பார்த்து, மற்ற ஊழியர்களிடம் விசாரித்து, குற்றச்சாட்டை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, இவர் பேச்சையும் கேட்டு, அதன் பின் நேர்மையாக இவர்தான் எடுத்தார் என்று நம்பியிருந்தால், முதலாளி ஜெயித்துவிடலாம். அதே கல்லாவை அன்றிரவு மூன்று பேர் திறந்திருக்கிறார்கள், கேமரா பதிவைப் பார்க்கவே இல்லை, ஒரு வாட்ஸ்அப் செய்தியில் வேலை முடிந்தது என்றால், வழக்கு உங்கள் பக்கம் சாய்கிறது. "நான் களவெடுக்கவில்லை" என்று நூறு முறை சொல்வதைவிட, "அந்தப் பதிவை ஏன் பார்க்கவில்லை?" என்ற ஒரு கேள்விக்கு அங்கே கனம் அதிகம்.

ஒழுங்கு நடவடிக்கையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஏகாஸ் என்ற அரசுசார் சமரச அமைப்பு ஒரு நடைமுறைக் கோவை வெளியிட்டிருக்கிறது. சில பக்கங்கள்தான். அதைப் படித்து, உங்கள் விஷயத்தில் எந்தப் படியைத் தாண்டிக் குதித்தார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நியாயமின்றிக் கோவையை மீறிய முதலாளிக்கு இழப்பீட்டை 25 சதவீதம் வரை கூட்டலாம். நீங்கள் மீறியிருந்தால் அதே அளவு குறையவும் செய்யும்.

காகிதங்கள்

நியமனக் கடிதம், ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், பி45 (வேலையை விடும்போது முதலாளி தரும் சம்பள-வரிச் சான்று), ஊழியர் கையேடு, எச்சரிக்கைக் கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், வேலை அட்டவணை, மேலாளரின் குறுஞ்செய்திகள் ஆகிய அனைத்தையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். வாட்ஸ்அப் உரையாடலைப் படமெடுக்கும்போது தேதியும் அனுப்பியவர் பெயரும் தெரிய வேண்டும். நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலையோ அடுத்தவர் கோப்பையோ உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். அது உங்கள் மேலேயே திரும்பும்.

உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவல்களைத் தரும்படி தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். "என்னைப் பற்றிய எல்லாம்" என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள். "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இந்த இரு மேலாளர்களுக்கிடையே என்னைப் பற்றி நடந்த மின்னஞ்சல்கள்" என்று கேளுங்கள். இரண்டு ஆண்டு வேலை பார்த்தவர், நீக்கியதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டால் 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. இன்று ஒரு காரணம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறொன்றைச் சொன்னால், அந்தக் கடிதம் உங்களுக்குப் பொன்.

நினைவில் இருப்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். யார், எந்த அறையில், என்ன சொன்னார்கள் என்று. விசாரணை வரும்போது ஓராண்டுக்கு மேல்கூட ஆகியிருக்கலாம்.

ஏகாஸ் என்ற கட்டாய வாசல்

நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. முதலில் ஏகாஸுக்கு அறிவித்து, சமரசத்துக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்து, சான்றிதழ் ஒன்றைப் பெற வேண்டும். இணையத்தில் ஒரு சிறிய படிவம், செலவில்லை. மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மேலே சொன்ன முதல் படி இதுதான். நீங்கள் அறிவித்த நாளில் கடிகாரம் நிற்கிறது. சான்றிதழ் வந்ததும் மறுபடி ஓடத் தொடங்குகிறது. கடைசி நேரத்தில் அறிவித்திருந்தால், சான்றிதழ் கிடைத்ததிலிருந்து குறைந்தது ஒரு மாதம் கிடைக்கும். சமரசத்துக்கான காலம் 2025 டிசம்பர் 1 முதல் 12 வாரம் வரை போகலாம். அதே விஷயத்துக்கு இரண்டாம் சான்றிதழ் வாங்கிக் கடிகாரத்தை மீண்டும் நிறுத்த முடியாது.

படிவத்தில் முதலாளியின் பெயரைக் கேட்கும் கட்டத்தில் நிதானமாக இருங்கள். கடைப் பலகையில் ஒரு பெயர் இருக்கும், சம்பளச் சீட்டில் வேறொரு கம்பெனி இருக்கும், நீங்கள் தினமும் பார்த்த முதலாளி அண்ணன் அதில் இயக்குநராக மட்டும் இருப்பார். சம்பளச் சீட்டிலும் பி45-லும் உள்ள பெயரை எடுத்து, கம்பெனீஸ் ஹவுஸ் என்ற அரசின் நிறுவனப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிச் சரிபாருங்கள். சான்றிதழில் உள்ள பெயரும் பின்னால் வழக்குப் படிவத்தில் எழுதும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாமல் திருப்பி அனுப்பப்படும் படிவங்கள் உண்டு. பாகுபாடு செய்த மேலாளர்மீதும் தனியாக வழக்குப் போடுவதாக இருந்தால், அவர் பெயருக்கும் தனிச் சான்றிதழ் வேண்டும்.

பின்பு ஏகாஸிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசுவார். அவர் உங்கள் வக்கீல் அல்ல, நீதிபதியும் அல்ல. உங்கள் வழக்கு வலுவானதா என்று சொல்ல மாட்டார். நீங்கள் சொல்வதை அங்கே சொல்வார், அங்கே சொல்வதை இங்கே. எனவே பேசுவதற்கு முன்பே ஒரு தொகையை மனத்தில் வைத்திருங்கள். எந்தத் தொகைக்குக் கீழே இறங்க மாட்டீர்கள் என்பதை அவரிடமும் சொல்ல வேண்டாம். பணத்தோடு நல்ல பரிந்துரைக் கடிதம் ஒன்றையும் கேளுங்கள், அதன் வாசகத்தையே ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த வேலைக்கு அது பல ஆயிரம் பவுண்டு பெறும். ஒன்று நினைவிருக்கட்டும்: ஏகாஸ் வழியாகத் தொலைபேசியில் "சரி, ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டாலே உடன்பாடு கட்டுப்படுத்தும். கையெழுத்துப் போடும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஈடி1 படிவம்

சான்றிதழ் எண் கையில் வந்ததும் ஈடி1 என்ற வழக்குப் படிவத்தை இணையத்தில் நிரப்பலாம். கட்டணம் கிடையாது. 2013-ல் அரசு கட்டணம் கொண்டுவந்தது. பணிநீக்க வழக்கொன்றை விசாரணைவரை கொண்டுபோக 1,200 பவுண்டு ஆயிற்று. யூனிசன் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தூக்கியெறிந்தது. இன்று வழக்குப் பதிவுக்காக யாராவது "அரசுக் கட்டணம்" என்று உங்களிடம் பணம் கேட்டால், அவர் ஏமாற்றுகிறார்.

உரிமைகோரல் வகைகளில் பொருந்துவதையெல்லாம் குறியுங்கள்: அநியாயப் பணிநீக்கம், பாகுபாடு, நோட்டீஸ் சம்பளம், விடுமுறைச் சம்பளம், பாக்கிச் சம்பளம். பின்னால் சேர்க்க நீதிபதியின் அனுமதி வேண்டியிருக்கும். ஒப்பந்த மீறல் என்று குறித்தால் மட்டும் முதலாளியும் உங்கள்மீது எதிர்க்கோரிக்கை வைக்கலாம் என்பதை அறிந்து குறியுங்கள்.

நடந்ததை எழுதும் பகுதியில் நம்மவர்கள் மனத்தைக் கொட்டிவிடுகிறார்கள். "பத்து வருடம் உயிரைக் கொடுத்து உழைத்தேன், நன்றி கெட்டவர்கள், கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்பதை வைத்து நீதிபதி எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: "ஜனவரி 14 அன்று மேலாளர் என்னை அலுவலகத்துக்கு அழைத்தார். கூட்டம் எதற்கு என்று முன்பே சொல்லவில்லை. உடன் ஒருவரை அழைத்து வரலாம் என்றும் சொல்லவில்லை. ஜனவரி 9 அன்று 80 பவுண்டு குறைந்ததாகக் கூறினார். கேமரா பதிவைப் பார்க்கும்படி கேட்டேன். 'தேவையில்லை' என்றார். பத்து நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. அன்று மாலை நீக்கிவிட்டதாகச் செய்தி வந்தது." பத்திகளுக்கு எண் போடுங்கள். இரண்டு மூன்று பக்கம் போதும். பாகுபாடு என்றால் யார், எப்போது, என்ன செய்தார், வேறு இனத்தவரை எப்படி நடத்தினார் என்று ஒவ்வொரு சம்பவமாகச் சொல்லுங்கள். "எப்போதும் இனவெறிதான்" என்ற ஒரே வரியில் வழக்கு நிற்காது.

பதிலும் மிரட்டலும்

தீர்ப்பாயம் ஈடி1-ன் நகலை அனுப்பியதிலிருந்து முதலாளிக்குப் பதில் தர 28 நாள். அந்தப் பதிலைப் படிக்கும்போது இரத்தம் கொதிக்கும். நீங்கள் யாரென்றே தெரியாத ஒருவரைப் பற்றி எழுதியதுபோல இருக்கும். உடனே மறுப்புக் கடிதம் எழுதி அனுப்ப வேண்டியதில்லை. அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் எதிரான காகிதம் உங்களிடம் இருக்கிறதா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் முதலாளியின் வக்கீலிடமிருந்து "வழக்கை வாபஸ் வாங்காவிட்டால் எங்கள் செலவுத் தொகை முழுவதையும் உங்களிடம் வசூலிப்போம்" என்று ஒரு கடிதம் வருவது வழக்கம். சிவில் நீதிமன்றம்போல இங்கே தோற்றவர் செலவைக் கட்ட வேண்டும் என்ற பொது விதி இல்லை. அவரவர் செலவு அவரவருக்கு. வெற்று வழக்கைத் தொடர்ந்தாலோ, பொய் சொன்னாலோ, உத்தரவுகளை மதிக்காமல் இழுத்தடித்தாலோ செலவு விதிக்கலாம். எனவே கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள், பயந்து வாபஸும் வாங்காதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

யாரிடம் காட்டுவது? தொழிற்சங்கத்தில் இருந்தால் முதலில் அங்கே. அடுத்து, வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பலருடைய பத்திரத்தில் சட்டச் செலவுக் காப்பு என்று ஒரு வரி தூங்கிக்கொண்டிருக்கும். சிட்டிசன்ஸ் அட்வைஸ், உங்கள் பகுதி லா சென்டர் ஆகிய ஆலோசனை அமைப்புகள் இலவசம். லண்டனில் ஃப்ரீ ரெப்ரசன்டேஷன் யூனிட் என்ற தொண்டு நிறுவனம், பிற அமைப்புகள் அனுப்பிவைக்கும் வழக்குகளில் இலவசமாக வாதாடுகிறது. ஜெயித்தால்தான் கட்டணம் என்று வரும் வக்கீல்கள் இழப்பீட்டில் 35 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. இடையில் நீங்களே விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

விசாவில் இருப்பவர்கள் இன்னொரு நாட்காட்டியும் வைத்திருக்க வேண்டும். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் வேலை போனால், நிறுவனம் உள்துறைக்கு அறிவிக்கும். வழக்கமாக 60 நாளாக விசா சுருக்கப்படும். தீர்ப்பாயத்தில் வழக்கு நடக்கிறது என்பது விசாவை நீட்டாது. ஊருக்குப் போய்விட்டால் வழக்கு அதனால் செத்துவிடாது என்றாலும், வெளிநாட்டிலிருந்து காணொளியில் சாட்சி சொல்ல அந்த நாட்டின் அனுமதி தேவைப்படலாம். போகும் முன்பே தீர்ப்பாயத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

விசாரணைக்கு முன்னும் விசாரணையிலும்

தீர்ப்பாயம் தேதிகள் போட்டு உத்தரவு அனுப்பும். இழப்புப் பட்டியல், ஆவணப் பரிமாற்றம், 'பண்டில்' என்ற பக்க எண் போட்ட ஆவணத் தொகுப்பு, சாட்சி அறிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். உங்களுக்குப் பாதகமான காகிதத்தையும் கொடுத்தாக வேண்டும். இழப்புப் பட்டியலோடு நீங்கள் வேலை தேடியதற்கான சான்றும் வேண்டும்: விண்ணப்பங்கள், நிராகரிப்பு மின்னஞ்சல்கள், ஏஜென்சிப் பதிவுகள். வீட்டில் சும்மா இருந்த மாதங்களுக்கு முதலாளி பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதாடும்.

ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தீர்ப்பாயமே இலவசமாக ஏற்பாடு செய்யும்; மகனையோ நண்பரையோ அந்த இடத்தில் உட்கார விட மாட்டார்கள். இலங்கைத் தமிழா, இந்தியத் தமிழா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடையில் பேசும் அளவு ஆங்கிலம் இருக்கிறதே என்று கௌரவம் பார்க்க வேண்டாம். குறுக்கு விசாரணை ஆங்கிலம் வேறு ரகம்.

அறை பார்ப்பதற்கு நீதிமன்றம்போல இருக்காது. நீளமான மேசைகள், தண்ணீர்க் குவளைகள், ஆளுக்கொரு தடித்த கோப்பு. பல விசாரணைகள் காணொளியிலேயே நடக்கின்றன. நீதிபதியை "ஜட்ஜ்" என்று அழைத்தால் போதும். உங்கள் சாட்சி அறிக்கையை அவர் முன்பே படித்திருப்பார். சத்தியம் செய்ததும் நேரே குறுக்கு விசாரணைதான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். நாம் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோமே, அதை அங்கே இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

தீர்ப்புகள் 2017 முதல் இணையத்தில் பெயரோடு வெளியாகின்றன. யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம், உங்கள் அடுத்த முதலாளி உட்பட. சமரசத்தை எடைபோடும்போது இதையும் தட்டில் வையுங்கள். மறுபக்கம், உங்களுடையது போன்ற வழக்குகளில் என்ன தீர்ப்பு வந்தது என்று நீங்களும் அங்கே படிக்கலாம்.

எவ்வளவு கிடைக்கும்?

பலர் நினைப்பதைவிடக் குறைவு. அநியாயப் பணிநீக்கத்துக்கு இரண்டு பகுதி. முதல் பகுதி வயதையும் ஆண்டுகளையும் வைத்த கணக்கு: 22 முதல் 40 வயது வரை பார்த்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் ஒரு வாரச் சம்பளம், அதற்குக் கீழே அரை வாரம், 41 வயது முதல் ஒன்றரை வாரம். வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2025 ஏப்ரல் 6-க்குப் பிந்தைய ஓராண்டுக்கு அது 719 பவுண்டு, ஏப்ரல்தோறும் மாறும். 35 வயதில், வாரம் 500 பவுண்டு சம்பளத்தில், ஆறு ஆண்டு முடித்தவருக்கு 3,000 பவுண்டு. இரண்டாம் பகுதி உண்மையான வருமான இழப்பு. இரண்டே மாதத்தில் அதே சம்பளத்தில் வேறு வேலை கிடைத்துவிட்டால் இரண்டு மாத இழப்புத்தான். இந்தப் பகுதிக்கு இருந்துவரும் உச்சவரம்பைப் புதிய சட்டம் நீக்குகிறது என்று செய்தி வந்ததும் பலர் லட்சங்களைக் கனவு காண்கிறார்கள். சாதாரணச் சம்பளக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்த தொகை அந்த வரம்பைத் தொட்டதேயில்லை.

மன வேதனைக்குப் பணிநீக்க வழக்கில் பணம் இல்லை. பாகுபாட்டு வழக்கில் உண்டு, அதற்கென்று தனிப் படிநிலைகளும் உண்டு. உங்கள் நடத்தையும் காரணம் என்றால் குறைப்பார்கள். முறையாக விசாரித்திருந்தாலும் எப்படியும் நீக்கியிருப்பார்கள் என்றால் அதற்கும் குறைப்பார்கள். யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்கியிருந்தால் தீர்ப்புத் தொகையில் ஒரு பங்கை அரசு முதலில் எடுத்துக்கொள்ளும். சமரசத் தொகைக்கு அந்தப் பிடித்தம் இல்லை.

தீர்ப்பு வந்ததும் பணம் தானாக வந்துவிடாது. கொடுக்காமல் இழுக்கும் முதலாளிகள் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுன்டி கோர்ட் வழியாகவோ, உயர் நீதிமன்ற அமலாக்க அதிகாரி வழியாகவோ வசூலிக்கலாம். அரசின் அபராத அறிவிப்புத் திட்டத்திலும் புகார் செய்யலாம். வழக்குப் போட்ட நாளிலேயே கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் அந்த நிறுவனத்தைப் பின்தொடரும்படி மின்னஞ்சல் பதிவு செய்துவையுங்கள். பழைய கம்பெனியை மூடிவிட்டு அதே கடையில் புதிய பெயரில் தொடங்கப் பார்த்தால் உங்களுக்கு அறிவிப்பு வரும். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவதற்கு, வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று ஆட்சேபம் தெரிவிக்கலாம்.